பார்க்கின்சன் நோயில் நடைப் பயிற்சி: தரைக் கோடா, டிரெட்மில்லா, சமநிலைப் பயிற்சியா?

பார்க்கின்சன் நோய் என்று உறுதியாகி மாத்திரை தொடங்கிச் சில ஆண்டுகள் ஆன வீடுகளில், கை நடுக்கத்தைக் காட்டிலும் நடைதான் பெரிய கவலையாகிவிடுகிறது. அடி குறுகுகிறது, ஒரு பக்கக் கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது, திரும்பும் இடத்தில் தடுமாற்றம் வருகிறது. நரம்பியல் மருத்துவர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுக்கிறார். ஓரிடத்தில் டிரெட்மில்லில் ஏற்றுகிறார்கள், வேறோரிடத்தில் தரையில் கோடு போட்டு நடக்கச் சொல்கிறார்கள், இணையத்தில் தேடினால் தாய் சீ என்ற மெதுவான சீன அசைவுப் பயிற்சி, டாங்கோ நடனம், மெய்நிகர் திரை என்று பட்டியல் நீள்கிறது. பணத்தையும் நேரத்தையும் நோயாளியின் தெம்பையும் இவற்றில் எதற்குச் செலவிடுவது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பயிற்சி சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, இவருடைய நடை எந்த இடத்தில், எவ்விதம் பழுதாகிறது என்று பார்த்து அதற்கேற்றதைத் தேர்வதே பலன் தரும். அப்படிப் பார்த்தால் பல வீடுகளில் முதலில் வாங்க வேண்டியது ஒரு சுருள் வண்ண டேப்தான். இயந்திரத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

உடல் முன்சாய்ந்து, நடை தன்னையறியாமல் ஓட்டமாக மாறிவிடும் இயல்பை லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதிய சிறு நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஏன் அப்படி ஆகிறது என்பது புரிய நெடுங்காலம் பிடித்தது. நாம் நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் எண்ணிப் பார்த்து வைப்பதில்லை. அடியின் நீளத்தையும் தாளத்தையும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள அடித்தள நரம்பணுத் தொகுதிகள் தாமாகவே பார்த்துக்கொள்கின்றன. டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் குறையும்போது இந்தத் தானியங்கு ஏற்பாடு கெடுகிறது. 1990-களில் ஆஸ்திரேலியாவில் மெக் மாரிஸ், ராபர்ட் ஐயன்செக் முதலானோர் நடத்திய ஆய்வுகள் காட்டிய முக்கியமான செய்தி இதுதான்: அந்நோயாளிகளுக்கு அடியின் நீளத்தை அமைப்பதே அடிப்படைச் சிக்கலாக இருந்தது, அடி குறைந்ததை ஈடுகட்டத்தான் அவர்கள் வேகமாக அடி வைத்தார்கள். தரையில் கோடு போட்டுக் கொடுத்தாலும், நீளமான அடியை மனத்தில் நிறுத்தி நடக்கச் சொன்னாலும், அதே நோயாளிகள் ஏறக்குறைய இயல்பான நீளத்தில் அடி வைத்தார்கள். திறன் உள்ளே இருக்கிறது. அதைத் தானாக அழைத்துக்கொள்ளும் வழிதான் அடைபட்டிருக்கிறது. மொட்டைமாடியில் தினமும் அரைமணி நேரம் கவனமில்லாமல் நடப்பது மூச்சுக்கும் மனத்துக்கும் நல்லதுதான் என்றாலும், குறுகிய அடியை அது நீட்டித் தராதது இதனால்தான். குறுகிய அடியிலேயே அரைமணி நேரம் நடந்தால், பழகுவதும் அந்தக் குறுகிய அடிதான்.

தேர்வுக்கு முன் வீட்டிலேயே ஒரு வாரம் கவனித்துக் குறித்து வைக்க வேண்டியவை சில உண்டு. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் நடை எப்படி, அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் எப்படி என்று தனித்தனியாகப் பாருங்கள். மாத்திரையின் வேகம் தணிந்த நேரத்தில் மட்டும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது என்றால், பயிற்சி மையத்தைத் தேடுவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும். வேளைகளுக்கு இடையிலான நேரத்தையோ அளவையோ மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரக்கூடும். டோபமின் குறைவை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரையைப் பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு சேர்த்து விழுங்கும் வழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; புரதமும் லெவோடோபாவும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே வழியில் உள்ளே போவதற்குப் போட்டியிடுவதால் மருந்தின் பலன் குறைந்துபோகும். இரண்டாவதாக, நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது, எத்தனை அடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்டுகள் எல்லோரும் அறிந்த சோதனை இது. பின்னால் பயிற்சி பலித்ததா என்று ஒப்பிட இந்த இரண்டு எண்களும் கைவசம் இருக்க வேண்டும். மூன்றாவதாக, கடந்த 6 மாதங்களில் விழுந்திருக்கிறாரா, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது என்று கேளுங்கள். விழாமல் சுவரைப் பிடித்துத் தப்பியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரியவர்கள் இவற்றை மறைப்பது வழக்கம்.

இந்தக் கவனிப்பிலிருந்து பெரும்பாலும் மூன்று வகைப் பழுதுகள் தெரியவரும். அடி குறுகி, வேகம் குறைந்து, கால் தேய்த்து நடப்பது ஒன்று. தொடங்கும்போதும், திரும்பும்போதும், வாசற்படியிலும் கால் திடீரென உறைந்து நிற்பது இரண்டாவது. சமநிலை தவறி விழுவது மூன்றாவது. ஒருவரிடமே மூன்றும் இருக்கலாம். ஆனால் எது முன்னிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு அமைய வேண்டும்.

குறிப்புதவி நடைப் பயிற்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதிகம் சொல்ல வேண்டியதும் இதைப் பற்றித்தான். கண்ணுக்குத் தெரியும் கோடு, காதுக்குக் கேட்கும் தாளம், அல்லது வாயால் எண்ணுவது என்று வெளியிலிருந்து ஒரு குறிப்பைக் கொடுத்து, பழுதான தானியங்கு வழியைச் சுற்றிக்கொண்டு போவதே இதன் தத்துவம். பிரிட்டிஷ் நரம்பியலாளர் பர்டன் மார்ட்டின் 1967-இல் வெளியிட்ட நூலில், நடக்கும் திசைக்குக் குறுக்கே போட்ட கோடுகள் நோயாளிகளை நடக்க வைப்பதைப் பதிவு செய்தார். 1999-இல் ஒரு பிரெஞ்சுக் குழு இன்னொரு நுட்பத்தைக் கண்டது: விட்டுவிட்டு ஒளிரும் விளக்கில், கோடுகள் பின்னோக்கி நகர்வது போன்ற தோற்றம் மறைந்தபோது கோடுகளின் பலனும் போய்விட்டது. கோடு இருப்பது மட்டும் போதாது, நடக்க நடக்க அது கண்ணெதிரே நகர்ந்து வருவது தெரிய வேண்டும் என்று இதிலிருந்து கொள்ளலாம். மங்கிய விளக்குள்ள நடைவழியில் வெளிர் நிற டேப் ஒட்டிவிட்டு, பலன் இல்லை என்று கைவிடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வீட்டில் செய்வதானால் இப்படிச் செய்யலாம். தரையின் நிறத்துக்கு நேர்மாறான நிறத்தில், சுமார் 5 செ.மீ. அகல டேப்பை, நடக்கும் வழிக்குக் குறுக்காக, அரை மீட்டர் நீளத் துண்டுகளாக ஒட்ட வேண்டும். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, அவர் நோய்க்கு முன் வைத்திருக்கக்கூடிய அடியின் நீளம். உயரத்தைப் பொறுத்துப் பலருக்கு இது 50 முதல் 60 செ.மீ. வரை வரும். முதல் நாளே அந்த நீளம் எட்டாவிட்டால் 40-இல் தொடங்கி மெல்ல நீட்டலாம். கோட்டை மிதிக்கச் சொல்லாமல் தாண்டி வைக்கச் சொல்ல வேண்டும், குதிகால் முதலில் தரையைத் தொட வேண்டும். டேப்பின் ஓரம் பெயர்ந்து எழும்பினால் அதுவே தடுக்கி விழக் காரணமாகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கே ஒட்டுவது என்பதும் முக்கியம். கூடத்தின் நடுவில் ஒட்டி அழகு பார்ப்பதைவிட, கால் உறையும் இடங்களில் ஒட்டுவதே பயன் தரும்: படுக்கையறை நிலைவாசலுக்கு இரண்டடி முன்பிருந்து இரண்டடி பின்பு வரை, குளியலறை வாசலில், சமையலறையில் திரும்பும் மூலையில். நிலைவாசலை நெருங்கும்போது அடி ஒவ்வொன்றாகக் குறுகி, முன்பாதம் மட்டும் தரையில் நடுங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, அதே மனிதர் மாடிப்படி ஏறும்போது தயங்காமல் ஏறுவது புதிராக இருக்கும். படிக்கட்டில் ஒவ்வொரு படியும் ஒரு கோடு. சமதரையில் அது இல்லை, அவ்வளவுதான். இதை நம்பி இறங்கும்போது துணையில்லாமல் விட்டுவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தாளத்துக்கு, ஒரே சீராகத் தட்டும் ஒலி தரும் மெட்ரோனோம் செயலி கைபேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. மைக்கேல் தௌட் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், தாளம் பதிந்த இசையோடு தினமும் 30 நிமிடம் என 3 வாரம் வீட்டில் நடந்தவர்களின் நடை வேகம் 25 சதவீதமும், அடி நீளம் 12 சதவீதமும் கூடின. ஆய்வு சிறியது, எண்களை அப்படியே எதிர்பார்க்க வேண்டியதில்லை. தாளத்தின் வேகத்தை அமைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நிமிடத்துக்கு இத்தனை அடி என்று முதலில் அவருடைய இயல்பான நடையை எண்ண வேண்டும். உறைதல் இல்லாதவருக்கு அதைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக வைக்கலாம். கால் உறையும் பழக்கம் உள்ளவருக்கு அதையே செய்தால் அடி மேலும் குறுகி, முன்னோக்கி விரைந்து போய் உறைந்துவிடும். அவருக்கு 10 சதவீதம் குறைத்து வைப்பதே அடியை நீட்டுகிறது. அவருக்குப் பிடித்த பழைய பாட்டின் தாளம் இந்த எண்ணோடு ஒத்துப்போனால் பாட்டையே வைத்துக்கொள்ளலாம். ஒத்துப்போகாத பாட்டைப் போட்டு நடக்கச் சொல்வது உதவி அல்ல.

இந்த வகைப் பயிற்சிக்குக் கிடைத்திருக்கும் பெரிய சான்று, பெல்ஜியம், பிரிட்டன், நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளில் 153 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ரெஸ்க்யூ ஆய்வு. தெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து, 3 வாரத்தில் 30 நிமிட அமர்வுகள் ஒன்பது கொடுத்தார்கள். நடை வேகம் நொடிக்குச் சுமார் 5 செ.மீ., அடி நீளம் சுமார் 4 செ.மீ. கூடின, உறைதல் உள்ளவர்களிடம் அதன் கடுமை சிறிது குறைந்தது. சிறிய மாற்றங்கள்தான். இதைவிடக் கவனிக்க வேண்டியது, பயிற்சியை நிறுத்தி 6 வாரம் கழித்துப் பார்த்தபோது பலன் பெரும்பாலும் தேய்ந்துவிட்டிருந்தது. ஆகவே இம்முறையைச் சில நாள் சிகிச்சை போல முடித்துவிட்டு வர முடியாது. கண்ணாடி போட்டுக்கொள்வது போல நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டிய துணை இது. செலவு மிகக் குறைவு, வீட்டில் நடக்கும் இடத்திலேயே பலன், உறைதலுக்கு நேரடி உதவி ஆகியவை இதன் பலம். குறிப்பு இல்லாத இடத்தில், உதாரணமாகக் கல்யாண மண்டபத்தின் வழவழப்பான தரையில், பழைய நடை திரும்பிவிடுவது இதன் பலவீனம். அதற்காகத்தான் கைத்தடியின் நுனியிலிருந்தும் காலணியின் முனையிலிருந்தும் லேசர் கோட்டைத் தரையில் பாய்ச்சும் கருவிகள் வந்தன. வெயிலில் அந்தக் கோடு தெரியாது என்பதை வாங்குமுன் நினைவில் கொள்வது நல்லது.

டிரெட்மில்லுக்கு வருவோம். குடும்பங்கள் இதை விரும்புவதற்குக் காரணம் புரிகிறது: பார்த்தால் தெரிகிற சிகிச்சை, எண்ணில் தெரிகிற முன்னேற்றம். சான்றும் இல்லாமல் இல்லை. 18 ஆய்வுகளையும் 633 நோயாளிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட காக்ரேன் என்ற மருத்துவச் சான்றுத் தொகுப்பு அமைப்பின் 2015-ஆம் ஆண்டு மதிப்பாய்வின்படி, டிரெட்மில் பயிற்சியால் நடை வேகம் சராசரியாக நொடிக்கு 9 செ.மீ. கூடியது, அடி நீளமும் ஓரளவு கூடியது. ஆனால் நடக்கக்கூடிய மொத்தத் தூரம் கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. ஓடும் பட்டையே ஒரு குறிப்பாகச் செயல்பட்டு, அடிகளுக்கு இடையிலான நேரத்தை ஒழுங்குபடுத்துகிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் 67 பேரிடம் 3 மாதம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அதிவேகமாகக் குறைந்த நேரம் நடந்தவர்களைவிட, மிதவேகத்தில் கூடுதல் நேரம் நடந்தவர்களுக்கே 6 நிமிட நடைத் தூரம் அதிகம் கூடியது. மூச்சு வாங்க வாங்க ஓட்டினால்தான் பலன் என்று நினைக்கும் மகன்களுக்கும் மருமகன்களுக்கும் இது சொல்லப்பட வேண்டிய செய்தி.

ஆனால் டிரெட்மில்லில் வாசல் இல்லை, மூலை இல்லை, திரும்புவது இல்லை. உறைதலை வரவழைக்கும் சூழ்நிலைகளில் முதலிடம், நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்புவதற்குத்தான். பட்டையின் மேல் நேராக எத்தனை நாள் நடந்தாலும் அது பழகாது. நடக்கும்போது முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டால் உடல் இன்னும் குனிகிறது, கைவீச்சு பழகுவதே இல்லை. வீட்டுக்கு வாங்கும் இயந்திரங்களில், விழாமல் தாங்கும் மார்புப் பட்டி பெரும்பாலும் இருப்பதில்லை. சட்டையில் மாட்டும் சிவப்புக் கயிறு பட்டையை நிறுத்துமே தவிர ஆளைப் பிடிக்காது. ஆரம்ப நிலை, உறைதல் இல்லை, விழுந்ததில்லை, இதயமும் ரத்த அழுத்தமும் சரியாக உள்ளன என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு டிரெட்மில் நல்ல தேர்வு. மற்றவர்களுக்குத் தெரபிஸ்ட் அருகில் நிற்கும் மையத்தில் மட்டும்தான். வீட்டு வரவேற்பறையில் துணையின்றி வேண்டாம்.

டிரெட்மில்லின் முன் திரை வைத்து, நோயாளியின் பாதங்களைத் திரையில் காட்டி, குட்டையையும் தடையையும் தாண்டச் சொல்லும் மெய்நிகர் முறையை ஐந்து நாடுகளில் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த 302 முதியவர்கள் அதில் பங்கேற்றார்கள். பார்க்கின்சன் நோயாளிகள் அவர்களில் ஒரு பகுதியினர். வாரம் மூன்று முறை, 6 வாரம் பயிற்சி. திரையோடு நடந்தவர்களின் விழுதல், ஆறு மாதத்துக்குச் சராசரி 11.9 என்பதிலிருந்து 6.0-ஆகக் குறைந்தது, வெறும் டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு 10.7-இலிருந்து 8.3 வரை மட்டுமே. இந்த வேறுபாடு காட்டுவது, நடையோடு கவனத்தையும் சேர்த்துப் பழக்குவது கூடுதலாக உதவுகிறது என்பதைத்தான். அந்தக் கருவி நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை; கிடைக்காததற்காக ஏங்கவும் வேண்டாம். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 121 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட இன்னோர் ஆய்வில், வீட்டுக்கு வந்த தெரபிஸ்ட் நடையையும் மனவேலையையும் சேர்த்துப் பழக்கியபோதும் தனித்தனியே பழக்கியபோதும் ஒரே அளவு பலன் கிடைத்தது, பயிற்சிக்குப் பின் 12 வாரம் வரை அது நிலைத்தது, விழுதலும் கூடவில்லை. நடந்துகொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, கிழமைகளைப் பின்னிருந்து சொல்வது, தம்ளரில் தண்ணீர் ஏந்தி நடப்பது போன்றவை இதற்குப் போதும். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. பயிற்சி நேரத்துக்கு வெளியே இதற்கு நேரெதிராக நடந்துகொள்ள வேண்டும்: அப்பா வாசலைத் தாண்டும்போது கைபேசியை நீட்டாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள்.

பெரிய அசைவு முறை என்று அறியப்படும் எல்எஸ்விடி பிக், எல்லா அசைவுகளையும் மிகைப்படுத்திச் செய்யப் பழக்குகிறது. வாரம் நான்கு முறை, ஒரு மணி நேரம், 4 வாரம், ஆக 16 அமர்வுகள், ஒருவருக்கு ஒரு தெரபிஸ்ட். பெர்லினில் 60 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், இரு கைகளிலும் கோலூன்றி நடக்கும் நார்டிக் நடைப் பயிற்சி செய்தவர்களையும் வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களையும்விட இம்முறையில் பழகியவர்களின் அசைவு மதிப்பெண் தெளிவாக மேம்பட்டது. சான்றிதழ் பெற்ற தெரபிஸ்ட் உங்கள் ஊரில் இருந்து, நோயாளிக்கு ஞாபகமும் ஊக்கமும் நன்றாக இருந்தால், ஆரம்ப நிலைக்கு இது மிகப் பொருத்தம். இல்லாவிட்டாலும், பெரிதாக வைப்பது என்ற ஒரே சொல்லை மனத்தில் பிடித்துக்கொள்ளப் பழக்குவதை எந்த நல்ல பிசியோதெரபிஸ்டும் செய்துவிட முடியும்.

விழுவதே முதன்மைச் சிக்கல் என்றால் நடையைத் திருத்தினால் மட்டும் போதாது. சமநிலைக்கும் தொடை, இடுப்புத் தசைகளுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் ஆரிகனில் 195 நோயாளிகளைத் தாய் சீ, தசை வலிமை, நீட்சி என்று மூன்று குழுக்களாகப் பிரித்து, வாரம் இருமுறை, 24 வாரம் பழக்கி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சமநிலை மதிப்பெண்களில் தாய் சீ முந்தியது. நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிடத் தாய் சீ செய்தவர்கள் குறைவாகவே விழுந்தார்கள், ஆனால் தசை வலிமைப் பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டால் விழுதலில் பெரிய வேறுபாடு இல்லை. தாய் சீ வகுப்பு அருகில் இல்லையே என்று வருந்துபவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, பக்கவாட்டில் அடி வைப்பது, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது என்று தெரபிஸ்ட் சொல்லித்தரும் எளிய பயிற்சிகளே அடித்தளம். டாங்கோவுக்கும் நல்ல சான்றுகள் உண்டு, பின்னோக்கி நடப்பதும் நின்று தொடங்குவதும் அந்த ஆட்டத்திலேயே இருப்பதால். யோகாவைப் பற்றி நம் வீடுகளில் கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஹாங்காங்கில் 138 பேரிடம் 8 வாரம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், அசைவுத் திறனில் யோகா, நீட்சி மற்றும் வலிமைப் பயிற்சிக்கு இணையாக இருந்தது. மனப்பதற்றத்தையும் மனச்சோர்வையும் தணிப்பதில் அதை மிஞ்சியது. மனத்தெம்பு குறைந்தவருக்கு அது போதுமான காரணம். ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனங்களைச் சுவரோரம்தான் செய்ய வேண்டும்.

இனிச் சொல்வது, எல்லா ஒப்பீடுகளையும்விட முடிவைப் பாதிக்க வேண்டிய ஒன்று. சிட்னியில் 231 நோயாளிகளிடம் 6 மாதம் நடத்தப்பட்ட ஆய்வு 2015-இல் வெளிவந்தது. பெரும்பாலும் வீட்டில் குறைந்த மேற்பார்வையோடு செய்த சமநிலை, வலிமைப் பயிற்சி அது. மொத்தமாகப் பார்த்தால் விழுதல் குறையவில்லை. ஆனால் நோயின் கடுமை குறைவாக இருந்தவர்களைத் தனியே பார்த்தால் விழுதல் 69 சதவீதம் குறைந்திருந்தது. பிரிட்டனில் 474 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான பிடிசேஃப் ஆய்விலும் ஏறக்குறைய இதே கதைதான்: நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்கு உதவியது, நோய் முற்றியவர்கள் பயிற்சிக்குப் பின் கூடுதலாக விழுந்தார்கள். நடமாட்டமும் தன்னம்பிக்கையும் கூடி, அதைத் தாங்கும் சமநிலை கூடாதபோது இப்படி நேர்வதை எதிர்பார்க்க வேண்டும். எனவே நோய் முற்றிய நிலையில் வீட்டில் தனியாகச் செய்யும்படி ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்தனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். அந்நிலையில் பயிற்சி என்றால் ஆள் கூட இருக்கும் பயிற்சி என்றே பொருள் கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து முடிவெடுப்பதானால், ஆரம்ப நிலையில், வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்கு, நேரத்தையும் பணத்தையும் பெரிய அசைவு முறையிலோ மிதவேக டிரெட்மில்லிலோ தாராளமாகப் போடலாம். தசைப் பயிற்சியை வாரம் இருமுறை சேர்த்துக்கொள்ளலாம். அடி குறுகி வேகம் குறைந்துவிட்டவருக்குக் கோடும் தாளமும் முதலில், டிரெட்மில் அதற்குப் பின். கால் உறைபவருக்கு டிரெட்மில்லைத் தள்ளி வைத்துவிட்டு, வாசலிலும் மூலையிலும் டேப், குறைந்த வேகத் தாளம், அகலமான வளைவில் திரும்பும் பழக்கம் ஆகியவற்றில் கவனத்தைக் குவிக்க வேண்டும். ஞாபகம் குறைந்தவரிடம், மனத்தில் எண்ணி நடக்கும் உத்திகளை எதிர்பார்ப்பது கொடுமை. கண்ணெதிரே இருக்கும் கோடும், கூட நடப்பவரின் குரலும்தான் அவருக்குப் பயன்படும்.

கூட நடப்பவர் செய்யும் பிழை ஒன்று எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரி இருக்கிறது. கால் உறைந்ததும் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, "வாங்க, வாங்க, சீக்கிரம்" என்கிறார்கள். மேலுடம்பு முன்னே போகிறது, பாதம் அங்கேயே நிற்கிறது, ஆள் விழுகிறார். அதற்குப் பதிலாக, "நில்லுங்கப்பா. மூச்சு விடுங்க. எடையை இடது காலுக்கு மாத்துங்க. இப்ப வலது காலைத் தூக்கி ஒரே பெரிய அடி" என்று நிதானமாகச் சொன்னால் போதும். அவர் காலுக்கு முன்னால் உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்து அதைத் தாண்டச் சொல்வதும் ஒரு கோடுதான். இதோடு தொடர்புள்ள இன்னொன்று: நான்கு காலையும் தூக்கித் தூக்கி வைக்கும் வாக்கரை உறைதல் உள்ளவருக்கு வாங்கித் தராதீர்கள், ஒவ்வொரு முறை தூக்கும்போதும் நடை அறுந்து உறைதல் கூடக்கூடும். சக்கரமும் பிரேக்கும் உள்ள வாக்கர் பலருக்குப் பொருந்தும், அதுவும் தெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு.

எதைத் தேர்ந்தாலும் 6 வாரம் கழித்து, மாத்திரைக்குப் பின் அதே நேரத்தில், அதே நாற்காலியிலிருந்து 3 மீட்டர் சோதனையை மறுபடி செய்து, பழைய நொடிகளோடும் அடிகளோடும் ஒப்பிடுங்கள். கோடு இல்லாத இடத்திலும் அடிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால் அதே பயிற்சியைத் தொடரலாம், டேப்பின் சில துண்டுகளை எடுத்தும் பார்க்கலாம். கோடு உள்ள இடத்தில் மட்டும் நடை நன்றாக இருந்தால் கோட்டை எடுக்க வேண்டாம். வேகம் கூடி, விழுதலும் கூடியிருந்தால் தனியாகச் செய்யும் பயிற்சிகளை அன்றே நிறுத்திவிட்டு, படுத்த நிலையிலும் எழுந்து நின்ற 3 நிமிடத்திலும் ரத்த அழுத்தத்தை அளந்து, அந்த எண்களோடு மருத்துவரைப் பாருங்கள். எழுந்ததும் அழுத்தம் இறங்குவது இந்த நோயிலும் இதன் மருந்துகளிலும் அடிக்கடி நேர்வது, அதனால் விழுபவரை எந்த நடைப் பயிற்சியும் காப்பாற்றாது.